கினோவா விதைக்கச் சொல்கிறார்களா? விதையின் கதையைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்



தருமபுரி மாவட்டத்தில் மானாவாரிப் பயிர்கள் குறித்து ஒரு பயிற்சி முகாம் நடத்தினோம். மதியச் சாப்பாடு முடிந்ததும் பெரியவர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார். கினோவா பயிரிட்டால் விளைச்சல் முழுவதையும் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒரு வியாபாரி கொடுத்த ஒப்பந்தம் அது. விதைக்கு முன்பணம் கட்ட வேண்டும். கொள்முதல் விலை என்ற இடத்தில் 'அன்றைய சந்தை நிலவரப்படி' என்று மட்டும் இருந்தது. ரகத்தின் பெயர் எங்கேயும் இல்லை.

"சார், பார்த்தா சாமை மாதிரிதான் இருக்கு. சத்து ஜாஸ்தி, வெளிநாட்டுக்குப் போகுதுங்கிறாங்க. ரெண்டு ஏக்கர் போடலாமா?" என்று கேட்டார்.

ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. கினோவா நல்ல தானியம்தான். ஆனால் ஒரு பயிர் நல்லதா என்பது ஒரு கேள்வி. கையில் இருக்கும் விதை நம் ஊருக்கு ஏற்றதா என்பது வேறு கேள்வி. விளைந்ததை யார், என்ன விலைக்கு வாங்குவார்கள் என்பது மூன்றாவது கேள்வி. இந்த மூன்றுக்கும் கடந்த சில பத்தாண்டுகளில் உலகம் கண்ட அனுபவத்திலேயே விடை இருக்கிறது. அதை உங்கள் முன் வைக்கிறேன்.

எங்கே பிறந்த பயிர்?

கினோவாவின் தாய்வீடு தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடர். பெரு, பொலிவியா நாடுகளின் எல்லையில் உள்ள டிட்டிகாகா ஏரியைச் சுற்றி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டர் உயரத்தில், பல ஆயிரம் ஆண்டுகளாக அங்குள்ள கெச்சுவா, அய்மாரா மக்கள் இதைப் பயிரிட்டு வருகிறார்கள். நம் ஊட்டி சுமார் 2,240 மீட்டர்தான் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இது நெல், சாமை, தினை போலப் புல்லினத் தானியம் அல்ல. தண்டுக்கீரை, பாலக்கீரை, பீட்ரூட் எல்லாம் சேர்ந்த கீரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வயல்களில் களையாக முளைக்கும், சிலர் பறித்துச் சமைக்கும் சக்கரவர்த்திக் கீரை கினோவாவுக்கு நெருங்கிய உறவு. இமாசலப் பிரதேச மலைக் கிராமங்களில் இந்தக் கீரையின் உறவினப் பயிர் ஒன்றை 'பாத்து' என்ற பெயரில் விதைக்காகவே பயிரிட்டு வந்திருக்கிறார்கள். ஆகவே இந்த வகைத் தானியம் நம் நாட்டுக்கு முற்றிலும் புதியதல்ல.

பொலிவியாவின் தெற்கே, ஊயுனி உப்புப் பாலைவனத்தைச் சுற்றியுள்ள பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 150 முதல் 300 மில்லிமீட்டர்தான். இரவில் உறைபனி, பகலில் சுட்டெரிக்கும் வெயில், மண்ணில் உப்பு. அங்கே வேறு எந்தத் தானியமும் ஒழுங்காக வராது. 'கினோவா ரெயால்' என்ற பெரிய மணி கினோவா அங்குதான் விளைகிறது. அதற்குள்ளேயே பல நாட்டு ரகங்கள் உண்டு. உப்பு மண்ணுக்கு உட்டுசாயா, பொரிப்பதற்குப் பிசங்கய்யா, இன்னும் டொலேடோ, பண்டேலா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு குணமும் இருக்கிறது. நம் முன்னோர் பழைய சோற்றுக்கு ஒரு நெல், அவலுக்கு ஒரு நெல் என்று வைத்திருந்தது போலத்தான். ரகத் தேர்வை அங்கே முதலில் செய்தவர்கள் விவசாயிகள். விஞ்ஞானிகள் பிறகுதான் வந்தார்கள்.

2013-ல் ஏறிய விலை, 2015-ல் இறங்கிய விலை

2006-க்கும் 2013-க்கும் இடையில் கினோவாவின் விலை ஏறக்குறைய மூன்று மடங்கானது. பசையம் இல்லாத தானியம், சராசரியாக 14 சதவீதம் புரதம், மற்றத் தானியங்களில் குறைவாக இருக்கும் லைசின் இதில் நிறைவாக உள்ளது என்ற செய்திகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவியதே காரணம். ஐக்கிய நாடுகள் சபை 2013-ஆம் ஆண்டைச் சர்வதேச கினோவா ஆண்டாக அறிவித்தது.

ஆண்டீஸ் விவசாயிகளுக்கு நல்ல காலம் வந்தது உண்மை. நகரத்துக்குப் பிழைக்கப் போனவர்கள்கூட ஊர் திரும்பி நிலத்தைத் தொட்டார்கள். ஆனால் விலை ஏறும்போது மூன்று விஷயங்கள் சேர்ந்தே நடந்தன.

முதலாவது, நிலம். தெற்குப் பொலிவியாவில் மலைச்சரிவில் கினோவா, சமவெளியில் லாமா மேய்ச்சல் என்று பிரித்து வைத்திருந்தார்கள். லாமாவின் எரு வயலுக்கு, வயலின் தாள் லாமாவுக்கு. விலை ஏறியதும் டிராக்டர் வந்தது, மேய்ச்சல் நிலம் உழப்பட்டது, தரிசு விடும் ஆண்டுகள் குறைந்தன. ஆடு மாடு குறைந்தால் எரு குறையும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மணல் கலந்த அந்த மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போனது.

இரண்டாவது, போட்டி. பெருவில் மலையடிவாரத்தைத் தாண்டி, கடற்கரையோரப் பாசன நிலங்களில் கினோவா இறங்கியது. 2013-ல் சுமார் 52,000 டன்னாக இருந்த பெருவின் உற்பத்தி 2014-ல் சுமார் 1,14,000 டன்னாக உயர்ந்தது. ஒரே ஆண்டில் இரு மடங்குக்கும் மேல். பாசனமும் உரமும் கிடைத்ததால் ஹெக்டேருக்கு மகசூலும் அதிகம். பொலிவியா மலையில் ஹெக்டேருக்கு அரை டன் கிடைப்பதே வழக்கமாக இருந்தபோது, கடற்கரையில் அதைப்போலப் பல மடங்கு எடுத்தார்கள். ஆனால் வெப்பமான கடற்கரையில் பூச்சியும் அதிகம். மருந்து அடித்தார்கள். 2014-ல் பெருவிலிருந்து போன சில சரக்குகளைப் பூச்சிமருந்து எச்சம் இருந்ததால் அமெரிக்கா திருப்பி அனுப்பியது.

மூன்றாவது, விலைச்சரிவு. 2014 செப்டம்பருக்கும் 2015 ஆகஸ்டுக்கும் இடைப்பட்ட ஓராண்டுக்குள் விலை ஏறக்குறைய 40 சதவீதம் விழுந்தது. பாசனமும் உரமும் வைத்து அதிக மகசூல் எடுத்தவர் தாக்குப்பிடித்தார். அரை டன் எடுக்கும் மலை விவசாயிதான் அடிபட்டார். பயிரைப் பல ஆயிரம் ஆண்டு காத்து வைத்தவரே போட்டியில் பின்தங்கினார்.

இதற்குள் உலகமே விதைக்கத் தொடங்கிவிட்டது. 1980-ல் 8 நாடுகளில் மட்டும் இருந்த கினோவா, 2010-ல் 40 நாடுகளுக்கும், 2014-ல் 75 நாடுகளுக்கும் பரவியது. நம்மில் சிலர் வெண்ணிலாவில் இதே கதையைப் பார்த்திருக்கிறோம். கொடி நட்டபோது இருந்த விலை காய் பறித்தபோது இல்லை. ஈமு கோழியில் என்ன நடந்தது என்பதும் கொங்கு மண்டலத்தில் யாருக்கும் மறந்திருக்காது.

விஞ்ஞானிகள் எதைச் சரிசெய்ய முயன்றார்கள்?

ஒரு மலைப்பயிரை உலகப் பயிராக்க வேண்டுமானால் விதையை மாற்றியாக வேண்டும். கினோவா ரக மேம்பாட்டில் நான்கு சிக்கல்கள் முக்கியமானவை. நீங்கள் விதை வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளும் இவற்றிலிருந்தே வருகின்றன.

*கசப்பு*

கினோவா மணியின் மேல்தோலில் சபோனின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பது இதே வகைப் பொருளால்தான். தேய்த்தோ கழுவியோ அதை நீக்காமல் சாப்பிட முடியாது. ஆனால் அந்தக் கசப்பு பறவைகளை ஓரளவு விரட்டுகிறது.

பொலிவியாவின் பட்டகமாயா ஆராய்ச்சி நிலையத்தில் ஹும்பெர்ட்டோ கந்தரிலாஸ் என்ற விஞ்ஞானி 1960-களில் கசப்பில்லாத 'சகாமா' என்ற ரகத்தை உருவாக்கினார். பெருவில் 'சால்செடோ இனியா' என்ற கசப்பில்லா ரகம் பிறகு வந்தது. கந்தரிலாஸ் கண்டுபிடித்த இன்னொரு உண்மை, கசப்பு என்பது ஒரே ஒரு முதன்மை மரபணுவால் கட்டுப்படுத்தப்படும் ஓங்கு குணம் என்பது. அதாவது கசப்புச் செடியும் கசப்பில்லாச் செடியும் கலந்தால் பிறப்பது கசப்பாகத்தான் இருக்கும். 2017-ல் சவுதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைமையில் பல நாட்டு விஞ்ஞானிகள் கினோவாவின் முழு மரபணுத் தொகுப்பை வெளியிட்டார்கள். சபோனின் உற்பத்தியைக் கட்டுப்படுத்துவதாகக் கருதப்படும் மரபணுவையும் அதில் அடையாளம் காட்டினார்கள். அதனால் இளம் நாற்றிலேயே இலையைச் சோதித்து, கசப்பில்லாதவற்றைத் தேர்ந்தெடுக்கும் வழி திறந்தது.

இதில் உங்களுக்கு நேரடியாகத் தேவைப்படும் செய்தி ஒன்று உண்டு. கசப்பு இருப்பது மணியின் மேல்தோலில். அந்தத் தோல் தாய்ச்செடியின் பகுதி. கினோவா பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்த்தாலும், பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அயல் மகரந்தச் சேர்க்கையும் நடக்கும். உங்கள் கசப்பில்லாப் பயிருக்குப் பக்கத்து வயலின் கசப்பு ரக மகரந்தம் வந்து சேர்ந்தால், இந்த ஆண்டு அறுவடையில் எதுவும் தெரியாது. மணி கசக்காது. அதையே விதையாக எடுத்து அடுத்த ஆண்டு விதைத்தால்தான் சில செடிகள் கசப்பு மணி கொடுக்கும். "போன வருசம் நல்லாத்தானே இருந்துச்சு" என்று நாம் குழம்புவோம். ஆகவே கசப்பில்லாத ரகம் என்றால் விதைக்கென்று தனியாக, வேறு கினோவா வயலிலிருந்து விலகி, வயல் நடுவிலிருந்து விதை எடுக்க வேண்டும்.

*பகல் நீளமும் வெப்பமும்*

ஆண்டீஸ் மலை ரகங்கள் குறுகிய பகலுக்கும் குளிர்ந்த இரவுக்கும் பழகியவை. ஐரோப்பாவின் நீண்ட கோடைப் பகலில் அவை பூக்கத் தாமதிக்கும், மணி பிடிக்காது. சிலி நாட்டின் கடற்கரைத் தாழ்நிலத்தில் விளைந்த ரகங்கள் இந்தச் சிக்கலைத் தீர்க்க உதவின. டென்மார்க்கில் சுவென் எரிக் யாகோப்சன் குழுவினர் உருவாக்கிய 'டிட்டிகாகா', 'புனோ' ரகங்களும், நெதர்லாந்தின் வாகனிங்கனில் உருவான கசப்பில்லாத 'அட்லஸ்', 'பாஸ்டோ' ரகங்களும் இப்படி வந்தவை.

நமக்கு இருக்கும் சிக்கல் வெப்பம். பூக்கும் சமயத்தில் வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் பழுதாகி மணி பிடிப்பு குறையும். செடி பச்சையாக, ஆள் உயரம் நிற்கும். கதிரும் வரும். கதிரை உள்ளங்கையில் கசக்கினால் உமி மட்டும் இருக்கும். வெப்பம் தாங்கும் வரிசைகளைத் தேடும் பணி உலகின் பல இடங்களில் நடக்கிறது. ஆனால் ஐரோப்பாவுக்காக உருவான ரகத்தைச் சித்திரை வெயிலில் விதைத்துவிட்டுப் பயிரைக் குறை சொல்லக் கூடாது.

*உப்பு*

துபாயில் உள்ள சர்வதேச உவர் வேளாண்மை மையம் உப்பு தாங்கும் கினோவா வரிசைகளைத் தேர்ந்தெடுத்து, பல வறண்ட நாடுகளுக்குக் கொடுத்திருக்கிறது. கடல்நீருக்கு நெருங்கிய உப்பிலும் சில ரகங்கள் உயிர் பிழைக்கின்றன என்பது ஆய்வில் தெரிந்த உண்மை. ஆனால் பிழைப்பது வேறு, மகசூல் கொடுப்பது வேறு. உப்பு கூடக்கூட மணியின் அளவும் எடையும் குறையும். 'உவர் நிலத்திலும் அள்ளித் தரும்' என்று யாராவது சொன்னால், எந்த ரகம், மண்ணின் மின்கடத்துத் திறன் எவ்வளவு, ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

*நோயும் முளைத்துவிடும் மணியும்*

கினோவாவின் பெரிய எதிரி அடிச்சாம்பல் நோய். குளிர்ச்சியும் ஈரமும் சேரும்போது இலையின் அடிப்பக்கம் சாம்பல் படர்ந்து, இலை மஞ்சளாகி உதிரும். எதிர்ப்புத் திறன் கொண்ட ரகங்களைத் தேடுவது ஆண்டீஸிலும் வெளியிலும் தொடர்கிறது.

அடுத்தது, முற்றிய மணிக்கு உறக்கக்காலம் மிகக் குறைவு. அறுவடை நேரத்தில் இரண்டு நாள் மழை பிடித்தால் கதிரிலேயே முளைத்துவிடும். சேமிப்பிலும் முளைப்புத்திறன் வேகமாகக் குறையும். நம் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த கோடவுனில் ஓராண்டு கிடந்த விதையை நம்பி விதைக்க முடியாது.

இத்தனையையும் ஒரே ரகத்தில் கொண்டுவருவது எளிதல்ல. கினோவாவின் பூ சில மில்லிமீட்டர் அளவுதான். ஒரு கதிரில் ஆயிரக்கணக்கான பூக்கள், அதில் இருபால் பூவும் பெண் பூவும் கலந்து இருக்கும். கையால் மகரந்தப் பையை நீக்கி இனக்கலப்பு செய்வது கண்ணுக்கும் பொறுமைக்கும் சோதனை. கலப்புக்குப் பின் நிலையான ரகம் கிடைக்கப் பல தலைமுறை ஆகும். இதனால் பெருவின் லா மோலினா வேளாண் பல்கலைக்கழகத்தில் லூஸ் கோமஸ் பாண்டோ குழுவினர் விதையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, சடுதிமாற்றம் மூலம் குட்டையான, முன்கூட்டி முதிரும் செடிகளைத் தேடினார்கள்.

பொலிவியாவில் அலெகாந்த்ரோ போனிஃபாசியோ போன்ற விஞ்ஞானிகள் பெரிய மணியும் குறைந்த வயதும் கொண்ட ரகங்களை உருவாக்கியதோடு நிற்கவில்லை. காற்றரிப்பைத் தடுக்க வயலோரம் உள்ளூர்ப் புதர்களை வளர்க்கும் வேலையையும் சேர்த்தே செய்கிறார்கள். மண் போய்விட்டால் ரகம் எதற்கு என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கிறது.

விதை யாருக்குச் சொந்தம்?

1994-ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இருவர் ஒரு காப்புரிமை பெற்றார்கள். 'அபெலாவா' என்ற பொலிவிய நாட்டு ரகத்தில் காணப்பட்ட ஆண் மலட்டுத்தன்மை அது. நம் வீரிய ஒட்டு நெல்லுக்கும் கம்புக்கும் பயன்படும் அதே வகைக் குணம். அபெலாவா என்பது டிட்டிகாகா ஏரிக்கரையில் உள்ள ஒரு பகுதியின் பெயர். அந்த மலட்டுச் செடியைக் கொண்டு உருவாகும் வீரிய ஒட்டுக் கினோவாவுக்கும் காப்புரிமை நீளும் என்று தெரிந்ததும் பொலிவிய கினோவா உற்பத்தியாளர் சங்கம் எதிர்த்துக் கிளம்பியது. பாட்டன் முப்பாட்டன் காலத்து விதையை, கண்டுபிடித்ததாகச் சொல்லி எப்படிப் பதிவு செய்யலாம் என்று கேட்டார்கள். 1998-ல் அந்தக் காப்புரிமை கைவிடப்பட்டது.

சிறு விவசாயிகள் வென்ற கதை இது. அதன் பின்விளைவையும் சொல்ல வேண்டும். அதன்பிறகு ஆண்டீஸ் நாடுகள் தங்கள் விதையை வெளியே கொடுக்கத் தயங்கின. பொலிவியாவின் விதை வங்கியில் 3,000-க்கும் மேற்பட்ட கினோவா மாதிரிகள் இருக்கின்றன. உலக நாடுகள் பயிர் விதைகளைப் பொதுவில் பகிர்ந்துகொள்ளச் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பட்டியலில் கினோவா இல்லை. அதனால் வெளிநாடுகளில் ரகம் உருவாக்குபவர்கள் பழைய சேகரிப்பிலிருந்த ஒரு சிறு பங்கை வைத்தே வேலை செய்கிறார்கள். நமக்கு வேண்டிய வெப்பம் தாங்கும் குணம் இன்னும் திறக்கப்படாத ஏதோ ஒரு பையில் இருக்கலாம். கொடுப்பவருக்குப் பங்கு கிடைக்கும் என்ற நம்பிக்கை வராதவரை அந்தப் பை திறக்காது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

நம் நாட்டில் 2001-ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் இந்த விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகமாக இருந்தாலும், நீங்கள் விளைவித்த விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், பரிமாறலாம், வணிக முத்திரை இல்லாமல் விற்கலாம். சட்டத்தின் கீழ்ப் பதிவான ரகத்தை விற்பவர், எந்தச் சூழலில் எவ்வளவு மகசூல் எதிர்பார்க்கலாம் என்று சொல்லக் கடமைப்பட்டவர். சொன்னபடி வராவிட்டால் இழப்பீடு கேட்க வழி உண்டு. ரகத்தின் பெயரே இல்லாத விதைக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அந்தப் பெரியவரின் தாளில் என்னை உறுத்தியது இதுதான்.

நம் நாட்டு அனுபவம்

லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் கினோவாவை வட இந்தியச் சமவெளியில் வளர்த்துப் பார்த்து, குளிர்காலப் பயிராக இது வரும் என்று காட்டியது. ஆந்திராவின் அனந்தபூர் பகுதியில் வறட்சிக்கு மாற்றாக முயன்று பார்த்தார்கள். ராஜஸ்தானில் அரசே விதை கொடுத்து ஊக்குவித்தது. விளைச்சல் வந்தது. வாங்க ஆள் வரவில்லை. கசப்புத் தோலை நீக்கும் இயந்திரமும் பக்கத்தில் இல்லாததால், மூட்டையோடு விவசாயிகள் திண்டாடிய செய்திகள் வந்தன. பிறகு மெல்ல வியாபாரம் அமைந்து, இப்போது மத்தியப் பிரதேசத்தின் நீமச் மண்டியில் கினோவா வரத்து வழக்கமாகிவிட்டது.

இதிலிருந்து தெரிவது, பயிர் விளைவது முதல் படிதான். மண்டியும் மில்லும் அமைந்த இடத்தில் நிலைத்தது. அவை இல்லாத இடத்தில் ஓரிரு பருவத்தோடு நின்றது. தமிழ்நாட்டில் இன்னும் கினோவாவுக்கென்று அப்படி ஒரு மண்டி கிடையாது.

போடலாமா? போடுவதானால் எப்படி?

என் கருத்தை நேராகச் சொல்கிறேன். உங்கள் சாமை, ராகி, நிலக்கடலை நிலத்தை எடுத்து இரண்டு ஏக்கர் கினோவா போடாதீர்கள். ஆர்வம் இருந்தால், வாங்குபவரும் தயாராக இருந்தால், முதல் ஆண்டு 10 சென்ட் போட்டுப் பாருங்கள். அதற்கான குறிப்புகள்:

1. பருவம்: வடகிழக்குப் பருவமழையின் வேகம் தணிந்த பிறகு, நவம்பர் நடுவில் விதைத்தால் டிசம்பர், ஜனவரி குளிரில் பூத்து, பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில் காய்ந்த நாளில் அறுவடைக்கு வரும். 100 முதல் 120 நாள் ரகங்களையே தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல் நீண்டால் வெயிலில் மாட்டும்.

2. நிலம்: தண்ணீர் தேங்கக் கூடாது. களிமண் பள்ளத்தில் நாற்று அழுகிவிடும். நன்கு மக்கிய தொழுஉரம் இட்டு மண்ணைப் பொடியாக்குங்கள்.

3. விதைப்பு: ஒரு கிராமில் முந்நூறு விதை அளவுக்கு இருக்கும். 10 சென்ட்டுக்கு 200 கிராம் தாராளம். மணலோடு கலந்து, வரிசையில், ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். ஆழம் போனால் முளைக்காது. பிறகு கலைத்துவிடுங்கள்.

4. முளைப்புச் சோதனை: விதை வாங்கியதும் ஈரத்துணியில் 100 விதை வைத்து, மூன்று நான்கு நாளில் எத்தனை முளைக்கிறது என்று எண்ணுங்கள். 80-க்குக் குறைந்தால் திருப்பிக் கொடுங்கள்.

5. களை: சக்கரவர்த்திக் கீரை நாற்றும் கினோவா நாற்றும் ஒன்றுபோலவே இருக்கும். வரிசையில் விதைக்கச் சொல்வது இதற்காகத்தான். வரிசைக்கு வெளியே முளைத்ததைத் தயங்காமல் பிடுங்குங்கள்.

6. அறுவடை: இலை உதிர்ந்து, மணியை நகத்தால் அழுத்தினால் உள்ளே இறங்காத பதத்தில் அறுங்கள். மழை வரும் போலிருந்தால் காத்திருக்க வேண்டாம். கதிரடித்து, ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு வரும்வரை காயவிடுங்கள்.

7. கசப்புச் சோதனை: சிறிய மூடியுள்ள கண்ணாடிக் குழாயில் அரை கிராம் மணியும் ஐந்து மில்லி தண்ணீரும் விட்டு, அரை நிமிடம் வேகமாகக் குலுக்குங்கள். நுரை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நின்றால் கசப்பு ரகம். கசப்பில்லாத விதை என்று சொல்லி விற்றதைச் சரிபார்க்க இது போதும்.

8. தோல் நீக்கம்: கசப்பு மணியைத் தீட்டி, நுரை நிற்கும்வரை கழுவி, உடனே உலர்த்த வேண்டும். கழுவிய தண்ணீரை மீன் குட்டையில் விடாதீர்கள். சபோனின் மீனைக் கொல்லும்.

ஒப்பந்தம் போடுவதானால் நான்கு விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். ரகத்தின் பெயர், கிலோவுக்குக் குறைந்தபட்ச விலை, தோல் நீக்கும் செலவு யாருடையது, தரம் குறைந்தால் எவ்வளவு கழிவு. தமிழ்நாட்டில் 2019-ல் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தனிச் சட்டம் வந்திருக்கிறது. முன்கூட்டியே பேசி முடித்த விலையில் வாங்குவதை உறுதி செய்வதே அதன் நோக்கம். ஒப்பந்தத்தை வேளாண் அதிகாரிகள் மூலம் முறைப்படி பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவு செய்ய மறுப்பவரிடம் விதைக்கு முன்பணம் கட்டாதீர்கள். பத்துப் பேர் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகப் பேசினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

சிறுதானியத்துக்கும் இதே பாடம்

2013 கினோவா ஆண்டு. சரியாகப் பத்து ஆண்டு கழித்து, இந்தியா முன்மொழிந்ததன் பேரில் 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டானது. நம் சாமைக்கும் தினைக்கும் வரகுக்கும் குதிரைவாலிக்கும் நகரத்துக் கடைகளில் இடம் கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் ஆண்டீஸில் நடந்தது நமக்கு எச்சரிக்கை. விலை ஏறினால் பாசன வசதியுள்ள பெரிய பண்ணைகள் சிறுதானியத்துக்குள் வரும். மகசூல் கூடும், விலை இறங்கும். அப்போது மலையிலும் மானாவாரியிலும் விதைக்கும் நீங்கள் எதை வைத்து நிற்பீர்கள்?

இரண்டு விஷயங்கள் கைகொடுக்கும் என்பது என் எண்ணம். ஒன்று, உங்கள் நாட்டு ரகங்கள். பொலிவிய விவசாயிகள் 'கினோவா ரெயால்' என்ற பெயரையும் பெரிய மணியையும் பிடித்துக்கொண்டதால்தான் விலை விழுந்த பிறகும் இயற்கை விளைபொருள் சந்தையில் அவர்களுக்கு ஓர் இடம் மிஞ்சியது. உங்கள் ஊர்ச் சாமைக்குப் பெயர் இருந்தால், விவசாயி ரகமாகப் பதிவு செய்ய அதே 2001 சட்டத்தில் வழி இருக்கிறது. உங்கள் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். மற்றொன்று, உள்ளூரிலேயே தோல் நீக்கும் மில். மூட்டையாக விற்றால் மண்டி விலை. அரிசியாக விற்றால் உங்கள் விலை.

கினோவா புரதத்தைப் பெரிதாகச் சொல்கிறார்கள். தினையிலும் ஏறத்தாழ 12 சதவீதம் புரதம் இருக்கிறது. தினைச் சோற்றோடு துவரையோ தட்டைப்பயறோ சேர்த்தால் லைசின் குறையும் நிரம்பிவிடும். நம் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கினோவா இல்லாமல் எதுவும் குறைந்துவிடாது. விற்பனைக்கு என்றால் மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்தப் பெரியவரிடமும் இதைத்தான் சொன்னேன். தாளைத் திரும்ப மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "அப்ப அந்த ஆள்கிட்ட முதல்ல விதைக்குப் பேர் என்னன்னு கேக்கறேன் சார். அதைச் சொன்னா, அப்புறம் விலையைக் கேக்கறேன்" என்றார்.

நீங்களும் அந்த வரிசையிலேயே கேளுங்கள். இரண்டுக்கும் பதில் எழுத்தில் வந்தால் 10 சென்ட் விதையுங்கள். வராவிட்டால் இந்த ஆண்டும் சாமையே இருக்கட்டும்.